ஏரிக்கு வேலி கேட்டவள்

மூன்று வருடத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. சங்கராபுரத்திலிருந்து மேற்கே போனால், கல்வராயன் மலை அடுத்த தெருவில் நிற்பது போலத் தெரிகிற சின்ன ஊர் எங்களுடையது. அப்போது நான் எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. வேறு யாரும் நிற்கவில்லை, நான் வந்துவிட்டேன். மற்றபடி வீட்டில் மெஷின் வைத்து ரவிக்கையும் பாவாடையும் தைக்கிறவள்தான்.

அன்றைக்குத் தெருவிளக்கு விஷயமாக மனு கொடுக்க சங்கராபுரம் போயிருந்தேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை மேல் நடந்து வந்தேன். அந்த வருடம் நல்ல மழை. மலையிலிருந்து ஓடையில் வந்த தண்ணீர் கரை தொட்டு நின்றது. காற்றே இல்லை. மலை தலைகீழாகத் தண்ணீருக்குள் படுத்திருந்தது. எங்கேயோ கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று மூங்கில்துறைப்பட்டு ஆலைப் பக்கம் போகிற சத்தம் மட்டும் தூக்கத்தில் கேட்பது போல வந்துகொண்டிருந்தது. மனு கொடுத்த நிம்மதியில் நானும் பாதிக் கனவில் நடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

துவைக்கிற கல் பக்கம் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நடுவில் ஒரு பெண் கூந்தல் அவிழ்ந்து, புடவையிலிருந்து தண்ணீர் ஒழுக உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு சிறுமி குப்புறக் கிடந்து இருமிக்கொண்டிருந்தாள். யார் வீட்டுப் பிள்ளையோ, பாவம் என்று நினைத்துக்கொண்டே கரையை விட்டு இறங்கினேன். அந்தப் பாவாடையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. ஊதா நிறத்தில் மஞ்சள் பூ. துணி பற்றாமல் ஓரத்தில் வேறு துணி கொடுத்துத் தைத்திருந்தது. நல்லா மறைத்துத் தைத்திருக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். அதைத் தைத்தது நான்தான் என்று உறைப்பதற்குள் இன்னும் பத்தடி நடந்துவிட்டேன்.

என் மகள். பதினோரு வயது. அப்போது ஆறாவது படித்தாள்.

பொங்கலுக்கு விருந்தாளிகள் வந்து போனதில் போர்வைகள் குவிந்து கிடந்தன. வீட்டுக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, “வெயில் ஏறதுக்குள்ள அலசிட்டு வந்துடு” என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். பள்ளிக்கூடம் அன்றைக்கு லீவு; போர்வைகள் அதிகமானதில் மத்தியானம் வரை இழுத்துவிட்டது. பிளாஸ்டிக் பக்கெட் மிதந்து போயிருக்கிறது. பிடிக்க இரண்டு அடி வைத்திருக்கிறாள். மூன்றாவது அடிக்குக் கீழே தரையே இல்லை. வெயில் காலத்தில் வண்டல் அள்ளியவர்கள் அந்த இடத்தில் ஆள் உயரத்துக்குக் குழி விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் அரிவாளைப் போட்டுவிட்டுப் புடவையோடு குதித்திருக்கிறாள். மணலூர்பேட்டைப் பக்கம் பெண்ணையாற்றங்கரையிலிருந்து எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தவள். புருஷன் டிராக்டர் ஓட்டுகிறார். வந்து பத்து வருடம் ஆகிறது. அவளுக்கு நீச்சல் தெரியும் என்பது அன்றைக்கு வரை எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டுவிட்டு, சாயங்காலம் வரை இருக்கச் சொல்லி, ஒன்றும் பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பயம் எல்லாம் எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மெஷினில் உட்கார்ந்தால் கால் மிதிக்கும், கை நிற்கும். கண்ணை மூடினால் அந்த ஊதாப் பாவாடை.

இரண்டாம் நாள் ஊராட்சிக் கூட்டம். நான் அதுவரை கூட்டத்தில் அதிகம் பேசியதில்லை. அன்றைக்கு எழுந்து, ஏரியைச் சுற்றிக் கல்தூண் நட்டு முள்கம்பி வேலி போட வேண்டும், பிள்ளைகள் யாரும் ஏரிப் பக்கம் போகக்கூடாது என்று தீர்மானம் போட வேண்டும் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அழுகிற தாயை யார் மறுத்துப் பேசுவார்கள்? தலைவர் கரும்பு விவசாயி, நிதானமான மனிதர். “மாடு தண்ணி குடிக்க மட்டும் ஒரு வழி வுட்டுடலாம். மத்தபடி அக்கா சொல்றபடியே எழுதிக்கோ” என்று கிளார்க்கிடம் சொன்னார். குடியரசு தினத்தன்று நடக்கிற கிராம சபையில் படித்து முடிவு செய்வதாக முடிந்தது. அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினேன்.

இதற்கு நடுவில் ஒரு காகிதம் வந்தது. கிராம சபைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி, ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுத வேண்டுமாம். போன தடவையும் இப்படி வந்ததுதான். அப்போது கிளார்க்கே ‘விளையாட்டுப் பொருள் வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும்’ என்று அழகான கையெழுத்தில் எழுதி, பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கி, பிஸ்கட் கொடுத்து, போட்டோ எடுத்து முடித்துவிட்டார். இந்தத் தடவை வார்டு உறுப்பினர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றதால் என்னைப் போகச் சொன்னார்கள். எனக்கும் சந்தோஷம்தான். வேலி வரப்போகிற செய்தியை நானே பிள்ளைகளுக்குச் சொல்லலாமே என்று போனேன்.

எங்கள் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை கிளார்க் நீட்டிய நோட்டை வாங்கி மூடி மேஜையில் வைத்துவிட்டார். “முதல்ல அவங்க பேசட்டும் சார். அப்பறம் எழுதிக்கலாம்” என்றார். முப்பது பிள்ளைகள் இருக்கும். தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மத்தியான வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து சிமெண்டுத் தரையில் நீளமாக விழுந்திருந்தது. வெளியே வேப்பமரத்தில் ஏதோ பறவை ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எனக்குக் கண் சொக்கியது.

சரி, நானே ஆரம்பிப்போம் என்று, “ஏரிக்கு வேலி போடப் போறோம். இனிமே யாரும் பயப்பட வேண்டாம்” என்றேன். கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எட்டாவது படிக்கிற ஒரு பெண் கேட்டாள். “மாட்டுக்கு?”

“மாட்டுக்கு ஒரு வழி இருக்குது.”

“அப்ப மாட்டுக்கு வழி வுடறீங்க. எங்களுக்குத்தான் இல்ல.”

குறும்பாகச் சொல்லவில்லை. கணக்கில் தப்பு கண்டுபிடித்தவள் போலச் சாதாரணமாகச் சொன்னாள். சில பேர் சிரித்தார்கள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. “எங்களுக்கு வழின்னா எந்த எடத்துல? காட்டு பாக்கலாம்” என்று அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்தார்.

அப்புறம் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. அந்தப் பெண் தரையில் வளைவாக ஒரு கோடு போட்டாள். அது கரை. இன்னொருத்தன் வந்து மதகைப் போட்டான். ஒருத்தி ஓடை வந்து சேர்கிற இடத்தைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் முப்பது பேரும் முட்டி போட்டு ஏரிக்குள் இறங்கிவிட்டார்கள். இங்கே முழங்கால், இங்கே இடுப்பு, இங்கே கழுத்து. இங்கே சேறு, கால் மாட்டிக்கும். இங்கே பாறை, வழுக்கும். மதகுகிட்ட இழுக்கும், அங்கே பெரியவர்கள்கூட இறங்கக்கூடாது. வண்டல் எடுத்த குழிகளுக்குப் பெருக்கல் குறி போட்டார்கள். மொத்தம் ஏழு. துவைக்கிற கல்லிலிருந்து மூன்றாவது அடியில் ஒன்று.

நான் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து அந்த ஏரியைப் பார்க்கிறேன். ஊராட்சியில் ஏரியைப் பற்றி எத்தனையோ காகிதம் இருக்கிறது. எதிலும் இந்த ஏழு குழி இல்லை.

“இங்க குழி இருக்குதுன்னு தெரிஞ்சும் ஏம்பா யாரும் சொல்லல?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

“யாருகிட்ட சொல்றது?” என்றான் ஒரு பையன். “ஏரிக்குப் போனோம்னு சொன்னாவே அடி வுழும்.”

அந்த எட்டாம் வகுப்புப் பெண் மறுபடியும் பேசினாள். “பசங்க எப்பிடியும் கெணத்துல எறங்கிக் கத்துக்கறானுங்க. எங்களதான் வுடறதில்ல. ஆனா துணி தொவைக்க, ஆட்டக் கழுவ, தண்ணிகிட்ட ஜாஸ்தி போறது நாங்கதான். வேலி போட்டா வாய்க்காலுக்கு அனுப்புவீங்க. அங்கியும் தண்ணிதான் இருக்குது.”

அப்போது வட்டத்தின் ஓரத்திலிருந்து என் மகள் எழுந்து நின்றாள். ஏரியில் விழுந்த நாளிலிருந்து வீட்டில் நாலு வார்த்தை பேசாதவள். என்னைப் பார்க்காமல் தரையில் இருந்த அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“உள்ள போனப்ப எனுக்கு இன்னா பண்றதுன்னே தெர்ல. கைய எங்க வெக்கறதுன்னே தெர்ல. எனுக்கு வேலி வேணாம். நீச்சல் கத்துக் குடுங்க.”

அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் ஏதோ சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டு எழுந்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். அப்போது எனக்குப் புத்தி வரவில்லை, கோபம்தான் வந்தது. இவளுக்காக ஊரையே கூட்டி அழுதேன், இவளே எல்லார் முன்னாடியும் வேண்டாம் என்கிறாளே என்று. வீட்டுக்கு வருகிற வழியில் அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். வாசலில் நிறுத்தி, “கிராம சபையில வந்து வாயத் தொறந்த, அப்பறம் பாரு” என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் குளிக்கப் போனவள் ரொம்ப நேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கையில் சொம்பைப் பிடித்தபடி நிற்கிறாள். தலைக்கு மேல் சொம்பைக் கொண்டுபோகிறாள், இறக்கிவிடுகிறாள். மறுபடியும் கொண்டுபோகிறாள். கழுத்துக்குக் கீழே மட்டும்தான் நனைந்திருந்தது. ஏரியில் விழுந்ததிலிருந்து அவள் தலைக்கு ஊற்றவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏரிக்கு வேலி போட்டுவிடலாம். சொம்புத் தண்ணீருக்கு யார் வேலி போடுவது?

மறுநாள் காலையில் அந்த ஆற்றங்கரைக்காரியைப் பார்க்கப் போனேன். பிள்ளையைக் காப்பாற்றியவள் வீட்டுக்கு இத்தனை நாள் போகாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள் என்று அவள் மாமியார் வீட்டில் சத்தம் போட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நான் போய் அதை இன்னும் பெரிதாக்கக் கூடாது என்று சும்மா இருந்துவிட்டேன். நல்லவேளையாக மாமியார் கொல்லைக்குக் களை எடுக்கப் போயிருந்தார். நான் தைத்து எடுத்துப் போன ரவிக்கையை வாங்கிக்கொண்டு, “இதெல்லாம் எதுக்குக்கா” என்று கூச்சப்பட்டாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

ஆற்றைப் பற்றிக் கேட்டதும் அவள் முகமே மாறிவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு மணல் மேல் கண்ணாடி மாதிரித் தண்ணீர் ஓடுமாம். காலுக்கடியில் மணல் நழுவுகிறது தெரியுமாம். ஐந்து வயதிலேயே அக்கா தங்கை எல்லாரும் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போய் வருவார்களாம். சொல்லும்போது அவள் கை தன்னால் காற்றைத் தள்ளியது.

“இங்க வந்த பெறகு?”

“பத்து வருசமா முட்டிக்கு மேல தண்ணில நின்னதில்லக்கா. மருமவப் பொண்ணு ஏரில குதிச்சா நல்லாவா இருக்கும்?” என்று சிரித்தாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “வேலி போடப் போறீங்களாமே. நல்லதுதான். ஆனா அன்னிக்கு வேலி இருந்து, உம்பொண்ணு எப்பிடியோ உள்ள போயிருந்தா, நான் எப்பிடிக்கா குதிச்சிருப்பேன்?”

டீ ஆறிப்போய்விட்டது. நான் அதைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்த பிறகு எல்லாரும் நிழலில் உட்கார்ந்தோம். ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். பிள்ளைகள் போகாமல் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். யாரோ விரட்டப் போனார்கள். தலைமையாசிரியை, “அவங்க விசயமும் இருக்குதுங்க, நிக்கட்டும்” என்றார். மலையில் பனி இன்னும் முழுவதும் விலகவில்லை. வெள்ளையாக, பாதி மலையே இல்லாதது போல இருந்தது.

கிளார்க் தீர்மானத்தைப் படித்தார். என் பெயரைச் சொல்லி, என் கோரிக்கையின் பேரில் என்று படித்தார். ஆட்சேபணை உண்டா என்று தலைவர் கேட்டார். கேட்டபடியே பேனாவை எடுத்துவிட்டார்.

நான் எழுந்தேன். “தலைவரே, அது நான் கேட்டது. என் பயத்துல கேட்டுட்டேன். எழுதாதீங்க” என்றேன்.

சலசலப்பாகிவிட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் வகுப்பறையில் பிள்ளைகள் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். ஏழு குழி, மதகு, சேறு, துவைக்கிற கல். மாட்டுக்கு வழி விட்டதையும் சொன்னேன். வேலியை மதகைச் சுற்றி மட்டும் போட்டால் போதும், குழிகளை மூடிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பக்கம் ஆழமில்லாத இடத்தில் படி கட்ட வேண்டும், பெண் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்றுத்தர வேண்டும் என்றேன்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், “வயசுக்கு வர்ற பொண்ணுங்கள ஏரில எறக்கச் சொல்றியாம்மா? ஊரு இன்னா பேசும்?” என்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ, “என் பொண்ணு செத்திருந்தா ஊரு இன்னா பேசியிருக்கும்ணா?” என்றேன். அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு என் மகளை சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனது அவருடைய வண்டியில்தான்.

தலைவர் சுவரோரம் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். “குழி ஏழுன்னு யாரு எண்ணுனது?” என்று கேட்டார். முப்பது பேரும் கையைத் தூக்கினார்கள். என் மகளும் தூக்கியிருந்தாள். வாயைத்தானே திறக்கக் கூடாது என்றேன், கையை ஒன்றும் சொல்லவில்லையே.

“படி கட்டறது நூறு நாள் வேலையில பண்ணிக்கலாம். தண்ணி எறங்கனதும் குழிய மூடிடலாம். எல்லாம் சரி. சொல்லிக் குடுக்கறது யாரு?” என்றார் தலைவர்.

எல்லாரும் எங்கெங்கோ பார்த்தார்கள். நான் ஆற்றங்கரைக்காரியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளை மாட்டிவிடுவது போல ஆகும். அவளாகவே எழுந்தாள். பக்கத்திலிருந்த மாமியார் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது எல்லாருக்கும் தெரிந்தது. அவள் மெதுவாக அந்தக் கையை விலக்கிவிட்டு, “நான் சொல்லிக் குடுக்கறேங்க. ஆனா ஒண்ணு. புள்ளைங்கள மட்டும் எறக்கிட்டு அம்மாங்க கரையில நின்னு கத்தக் கூடாது. அவங்களும் எறங்கணும்” என்றாள்.

பெண்கள் பக்கம் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் எல்லார் கண்ணும் என் மேல். எனக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றாலே தலை சுற்றும். “சரி, எறங்கறேன்” என்று சொன்ன குரல் என்னுடையதுதானா என்று இப்போதும் சந்தேகம்.

அன்றைக்கு எழுதிய தீர்மானத்தைக் கிளார்க் இரண்டு தடவை அடித்துத் திருத்தினார். அவருடைய அழகான கையெழுத்தில் அடித்தல் திருத்தலோடு இருக்கிற ஒரே பக்கம் அதுதான். தலைவர் மாலையே பள்ளிக்கூடத்துக்குப் போய், அழிந்துபோயிருந்த படத்தைப் பிள்ளைகளைத் திரும்பப் போடச் சொல்லி, போனில் படம் பிடித்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எல்லாம் சொன்னபடி நடந்தது என்று சொல்ல மாட்டேன். படி பாதியில் நின்று இரண்டு மாதம் கிடந்தது. ஒரு குழியை மூட மறந்து, பிள்ளைகளே போய் நினைவுபடுத்தினார்கள். ஆனால் பங்குனியில் தண்ணீர் இறங்கி, பள்ளிக்கூடத்துப் பக்கம் இடுப்பளவுக்கு வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இறங்கினோம். ஐந்து பிள்ளைகள், மூன்று அம்மாக்கள். ஈரத் துணி உடம்பில் ஒட்டுகிறது என்று யாரும் பேச இடம் கொடுக்கக் கூடாதென்று, பழைய பருத்திப் புடவைகளை வெட்டி எல்லாருக்கும் முழுக்கை மேல்சட்டையும் கால்சட்டையும் நானே தைத்திருந்தேன். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன்களைக் கழுவி, பிள்ளைகள் முதுகில் கட்டிவிட்டிருந்தாள் இப்போது எங்கள் வாத்தியாரம்மா ஆகிவிட்ட ஆற்றங்கரைக்காரி.

என் மகள் கரையிலேயே நின்றாள். நான் இறங்கினால்தான் இறங்குவேன் என்று அடம். இறங்கினேன். மலைத்தண்ணீர் அந்த மாதத்திலும் எலும்பைத் தொடுகிற குளிர்ச்சி. இரண்டடி, மூன்றடி. பாறையில் கால் வழுக்கியது.

உள்ளே போய்விட்டேன். இரண்டு நொடிதான் இருக்கும் என்றார்கள். எனக்கு அது ஒரு முழு மத்தியானம் போல இருந்தது. பச்சையாக ஒரு வெளிச்சம். சத்தமே இல்லை. என் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்று என் பிள்ளை சொன்னாளே, அது இதுதான் என்று அந்தப் பச்சைக்குள் தோன்றியது. அவள் வகுப்பறையில் சொன்னபோது என் காதில் விழுந்தது. உடம்பில் விழுந்தது அப்போதுதான்.

தூக்கிவிட்டார்கள். இருமினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், என் மகள் என் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறாள். எப்போது இறங்கினாள் என்று யாருக்கும் தெரியவில்லை. என்னைப் பிடிக்க ஓடி வந்திருக்கிறாள். இறங்கியது அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது. கீழே குனிந்து தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

“மல்லாந்து படுக்கா. கழுத்த லேசா வுடு. தண்ணியே தூக்கும்” என்றாள் வாத்தியாரம்மா. ஒரு பக்கம் அவள் கை, இன்னொரு பக்கம் என் மகளின் சின்னக் கை முதுகுக்கடியில். படுத்தேன். காதுக்குள் தண்ணீர் ஏறியதும் ஊர் காணாமல் போனது. மேலே வானம் மட்டும். ஓரத்தில் மலை நீலமாக மிதந்தது. நான் தரையில் இல்லை, தண்ணீரில் இல்லை, எங்கே இருக்கிறேன் என்றே தெரியாத ஒரு இடத்தில் இருந்தேன். பிறந்த ஊரில் நாற்பது வருடம் இருந்து, அந்த ஊரின் மேல் இப்படி ஒரு வானம் இருந்தது எனக்குத் தெரியாது.

இப்போது என் மகளுக்குப் பதினாலு வயது. ஏரிக்குக் குறுக்கே நீந்திப் போய்த் திரும்புகிறாள். நான் இன்னும் நாய் நீச்சல்தான், அதுவும் இடுப்பளவில். ஆற்றங்கரைக்காரியின் மாமியார் இன்னும் வந்து தண்ணீரில் இறங்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப்பிள்ளையைத் துவட்டத் துண்டோடு கரையில் வந்து நிற்கிறார்.

அந்த வேலியைக் கேட்டபோது நான் என் பிள்ளைக்காகத்தான் கேட்கிறேன் என்று முழுசாக நம்பினேன். அதனால்தான் இன்றைக்கும் பிள்ளைகள் சம்பந்தமாக ஏதாவது முடிவெடுக்கிற இடத்தில் உட்கார்ந்தால், என் பயம் அடங்குவதற்காகக் கை தூக்குகிறேனா, அவர்கள் வாழப்போகிற நாட்களுக்காகத் தூக்குகிறேனா என்று ஒரு நிமிடம் நின்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரியாதபோது, போய் அவர்களிடமே கேட்டுவிடுகிறேன்.